சேனை வைக்க ஓர் ஆள்

கோலப்பன் தன் மனைவியின் பிரசவத்துக்கான டிரங்குப் பெட்டியை ஏழாம் மாதமே கட்டி முடித்துவிட்டான். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்த குற்றாலலிங்கம் பிள்ளையிடம் கணக்கெழுதுகிறவன் அவன். லாரி வருவதற்கு முன்னாலேயே சரக்கு மூட்டையாகக் கட்டித் தயாராக நிற்க வேண்டும் என்பது அவனுடைய தொழில் பழக்கம். குழந்தை விஷயத்தில் மட்டும் அதை மாற்றிக்கொள்ள அவன் காரணம் எதையும் காணவில்லை.

சாதாரணமாக இது ஆண்பிள்ளை செய்கிற காரியம் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தந்தி வரும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பதுதான் தகப்பன்மாருக்கு ஆண்டாண்டு காலமாக ஒதுக்கப்பட்ட வேலை. ஆனால் பகவதியம்மாளுக்குத் தாய் இல்லை. சுசீந்திரத்தில் அவளுடைய வீட்டில் தகப்பனாரும் இரண்டு எருமைகளும்தான் இருந்தார்கள். அந்த மூவரில் பிரசவ அனுபவம் உள்ளவை எருமைகள்தான். ஆகவே திருவனந்தபுரத்திலேயே, பெண்கள் ஆஸ்பத்திரியில் பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஆஸ்பத்திரிக்குத் தகப்பன் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கோலப்பன் கடைத்தெருவில் விசாரித்தான். எல்லாரும் தாராளமாகச் சொன்னார்கள். பிள்ளை பெறாதவர்கள் இன்னும் தாராளமாகச் சொன்னார்கள். அவன் ஒன்றையும் தள்ளவில்லை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பதால், துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட பழைய வேட்டிகளைச் சேகரித்தான். வெந்நீருக்குப் பிளாஸ்க், பிளாஸ்க் உடைந்துபோனால் தூக்குவாளி, சுக்கு, மிளகு, காயம், பாய், பனைவிசிறி. கொசுவலை எடுத்தபோது அதைக் கட்ட ஆணி வேண்டும் என்று தோன்றியது. ஆணி எடுத்த பிறகு சுத்தியலை விட்டுவிட்டுப் போக முடியுமா? தனக்கென்று ஒரு சவரப் பெட்டியும் வைத்துக்கொண்டான். பிள்ளை கண்ணைத் திறந்ததும் தகப்பனைத் தாடியோடு பார்த்தால் அந்த முதல் அபிப்பிராயம் பிறகு மாறாது என்று ஒருவர் சொல்லியிருந்தார்.

மூடி சாத்தவில்லை. கடையில் மூட்டை தூக்கும் யோசுவா வந்து மேலே ஏறி உட்கார்ந்து சாத்திக் கொடுத்தான். பிறகு பெட்டியை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

“டாக்டரையும் உள்ள வச்சிட்டேளா அண்ணாச்சி?” என்று கேட்டான்.

கோலப்பன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். மனைவியிடம் போய், “எல்லாம் ரெடி. இனி வலி வரவேண்டியது ஒண்ணுதான் பாக்கி” என்றான்.

காலை நீட்டி உட்கார்ந்திருந்த பகவதியம்மாள் பெட்டியைப் பார்த்தாள்.

“ஆளு?” என்றாள்.

“எந்த ஆளு?”

“சேனை வைக்க ஆளு. இதுக்குள்ள இருக்கதெல்லாம் ஆஸ்பத்திரி வாசல் கடையில கிட்டும். அந்த ஆளு கிட்டுமா? நீங்க வேற ஒண்ணும் கொண்டாரண்டாம். நல்ல கொணமுள்ள ஒரு ஆளைக் கொண்டாந்தாப் போரும்.”

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதற்குத்தான் சேனை என்று பெயர். வைக்கிறவரின் குணம் அப்படியே பிள்ளைக்கு இறங்கிவிடும். இதை மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சேனை வைத்தது யார் என்று விசாரித்தால் அப்படிச் சொல்கிற ஒருவர்தான் வைத்திருப்பார்.

கோலப்பனின் குடும்பத்தில் இதற்கு அத்தாட்சிகள் நடமாடிக்கொண்டிருந்தன. கோலப்பனுக்கு வைத்தவர் ஒரு ஜோசியர். அதனால் அவன் எதையும் நிச்சயமாகச் சொல்வான். சொன்னது நடக்காவிட்டால் அதற்கான காரணத்தையும் அதே நிச்சயத்தோடு சொல்வான். பகவதியம்மாளுக்கு வைத்தவர் நாதசுரக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுகிறவர். மேளக்கச்சேரியில் யார் என்ன வாசித்தாலும் தன் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர். பகவதியம்மாளும் அப்படித்தான். ஒன்றைச் சொன்னால் அது நடக்கும்வரை சுருதி இறங்காமல் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

கோலப்பனின் அக்காள் உலகம்மை பிறந்த அன்று வீட்டில் இருந்த ஒரே வெளியாள், வீட்டை ஜப்தி செய்ய வந்திருந்த கோர்ட்டு ஆமீன். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அவரையே வைக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து இன்றுவரை உலகம்மை எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பாத்திரங்களைத்தான் பார்ப்பாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக இருந்ததாகத் தகவல் இல்லை.

இதில் கஷ்டம் என்னவென்றால், சேனை வைக்கும் உரிமை அத்தைக்கு என்று உலகம்மை நினைத்துக்கொண்டிருந்தாள். நடுத்தம்பியின் மூன்று பிள்ளைகளுக்கும் அவள்தான் வைத்தாள். மூன்றும் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. மூத்தவன் தொட்டிலில் படுத்தபடியே எல்லைத் தகராறு ஒன்றைக் கிளப்பினான் என்பார்கள்.

“மைனி கை மட்டும் எம்பிள்ளை வாயில படப்பிடாது” என்றாள் பகவதியம்மாள்.

“படாது. நான் ஏத்துக்கிட்டேன்” என்றான் கோலப்பன்.

“ஆளு யாரு?”

“நாளைக்குச் சொல்லுகேன்.”

ஒரு நல்ல ஆளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தேடும்போதுதான் தெரிகிறது. சும்மா பார்க்கும்போது ஊரில் நல்லவர்களுக்குக் குறைவில்லை. தன் பிள்ளை இப்படி ஆக வேண்டும் என்ற கண்ணோடு பார்த்தால் ஒவ்வொருவராக உதிர்ந்துபோகிறார்கள்.

முதலில் முதலாளி குற்றாலலிங்கம் பிள்ளையை நினைத்தான். கேட்டு வந்தவரை இல்லையென்று அனுப்பாத மனிதர். ஆனால் உற்றுப் பார்த்ததில், கொடுத்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவார் என்பது தெரிந்தது. அது சாமானியமான பெருமூச்சு அல்ல. மேஜையிலுள்ள காகிதங்கள் தெருவுக்குப் போய்விடும். யோசுவா போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவான். பிள்ளைக்குத் தர்ம குணம் வருவதோடு இந்தப் பெருமூச்சும் வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க யார் பொறுக்குவது?

அடுத்தது செக்ரட்டேரியட்டில் குமாஸ்தாவாக இருந்த நீலகண்டன். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோலப்பன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவருடைய ஆபீஸுக்கே போய் எதிரில் உட்கார்ந்து கவனித்தான். ஆட்கள் வந்தார்கள், சத்தம் போட்டார்கள், போனார்கள். நீலகண்டன் முகம் மாறவே இல்லை. மத்தியானம் மணியடித்தபோதுதான், அவர் காலையிலிருந்தே கண்ணைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது.

“ஆளு யாரு?” என்று அன்றைக்கும் கேட்டாள் பகவதியம்மாள்.

“நெருங்கியாச்சு” என்றான் கோலப்பன்.

அப்படிச் சொன்ன வாரத்திலேயே ஆள் கிடைத்தார். முதலாளியின் அரிசி பொன்முடித் தேயிலை எஸ்டேட் கடைக்கும் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவரக் கோலப்பன் மாதந்தோறும் வித்துரா வழியாக மலையேறுவான். அந்தப் பாதையில் பஸ் ஓட்டியவர் ஞானசிகாமணி. பாறசாலைப் பக்கத்துக்காரர், சபைக்குப் போகிற கிறிஸ்தவர், நாற்பது வயதுக்கு மேல். கொண்டையூசி மாதிரி வளைந்து வளைந்து ஏறும் பாதையில், மூடுபனிக்குள், முன்னால் பாதை இருக்கிறதா என்று பாதைக்கே சந்தேகம் வருகிற இடத்தில், அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார்.

ஒருநாள் ஒரு வளைவில் கொம்பன் யானை ஒன்று பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றது. பிரயாணிகள் தங்களுக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் அழைத்தார்கள். ஞானசிகாமணி எஞ்சினை நிறுத்தினார். பக்கத்திலிருந்த சோற்றுப் பொதியை அவிழ்த்தார். யானையைப் பார்த்துக்கொண்டே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். இவ்வளவு மரியாதையாகக் காத்திருக்க வைத்த ஒருவரை யானை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அது தலையை ஆட்டிவிட்டுச் சரிவில் இறங்கிப் போயிற்று. இலையை அதனிடமே கொடுத்துப் போடச் சொன்னார் என்றும் சிலர் சொல்கிறார்கள். கோலப்பன் அந்த பஸ்ஸில்தான் இருந்தான். அவன் அவ்வளவு தூரம் சொல்வதில்லை.

வித்துராச் சந்தைக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் அவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னான்.

“எனக்கு அதொண்ணும் அறிஞ்சூடாதே அண்ணாச்சி” என்றார் ஞானசிகாமணி. “எங்க சபையில பாதிரியார் வெள்ளம் தெளிப்பாரு. அத்தற தான்.”

“அது தலையில. இது நாக்கில. ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்ட்.”

“எங்கிட்ட என்ன கொணத்தைக் கண்டியளோ?”

“யானைக்க முன்னால சோறு தின்னேளே. அந்தக் கொணம் போரும்.”

ஞானசிகாமணி காப்பி டம்ளரைக் கையில் எடுத்தார். ஏதோ சொல்ல வந்து, அதைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, “செரி, வாறேன்” என்றார். அவருடைய பஸ் தினமும் காலையில் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, மத்தியானம் திரும்பும். வலி பகலில் வந்தால் ஆள் கையில் இருந்த மாதிரி. பகலில்தான் வரும் என்று கோலப்பன் நிச்சயமாகச் சொன்னான்.

உலகம்மை பூதப்பாண்டியிலிருந்து ஒன்பதாம் மாதம் வந்து இறங்கினாள். கையில் தேன் குப்பி, வெள்ளிச் சங்கு. அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“எலே கோலப்பா, இத்தாம் பெரிய பெட்டி எதுக்குடே? பிள்ளைய ஆஸ்பத்திரியிலயே குடி வைக்கப் போறியா?”

“ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னுதான்க்கா.”

“அவசரத்துக்குத்தான் நான் இருக்கேன்லா. பிள்ளை விழுந்ததும் நான் தேனைத் தொட்டு வச்சிருவேன். பொறவு ஒரு பெட்டியும் வேண்டாம்.”

பகவதியம்மாள் கோலப்பனைப் பார்த்தாள். கோலப்பன் கண்ணை மூடித் திறந்து தைரியம் சொன்னான். அவன் அக்காளிடம் ஞானசிகாமணியைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆமீனிடம் முன்கூட்டித் தகவல் சொல்கிறவர் யாராவது உண்டா?

வலி அவன் சொன்ன மாதிரியே பகலில் வந்தது. விடிந்து, காப்பி குடித்து, பேப்பர் வந்த பிறகு வந்தது. ஜட்கா வண்டி பிடித்தான். பெட்டியை ஏற்றியதும் குதிரையின் முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன. உலகம்மை முன்பக்கமாக ஏறி உட்கார்ந்ததில் குதிரை திரும்பக் கீழே வந்தது. பகவதியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆளு, ஆளு” என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். உலகம்மை அதைப் பிரசவ வலியின் புதுவிதமான முனகல் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பகவதியம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். பிரசவம் முடியும்வரை அந்த வார்டுக்குள் வேறு யாரும் போகக் கூடாது. வராந்தாவில் பெட்டியையும் அக்காளையும் வைத்துவிட்டு, “இப்ப வந்திருகேன்” என்று கோலப்பன் தம்பானூருக்கு ஓடினான்.

பஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. ஞானசிகாமணி காக்கிச் சட்டையோடு முகம் கழுவிக்கொண்டிருந்தார். கோலப்பன் அவர் கையைப் பிடித்தான். முகத்தைத் துடைக்கக்கூட விடவில்லை. திரும்பும் வழியில் ஒரு பொட்டலம் கல்கண்டு வாங்கிக்கொண்டான். பிரசவத்துக்குப் போகிற தகப்பனிடம் இருக்க வேண்டிய கடைசிச் சாமானும் கைக்கு வந்துவிட்ட திருப்தி அவனுக்கு.

அவர்கள் வராந்தாவில் ஏறியதும் உலகம்மை காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

“இது யாருலே? போலீசா?”

“பஸ் டிரைவர்க்கா. பொன்முடி பஸ்.”

“பஸ்ஸு எதுக்கு இப்போ?”

மறைக்க இனி நேரமில்லை. கோலப்பன் விஷயத்தைச் சொன்னான். ரொம்பத் தெளிவாக, கடையில் சரக்கு மாற்றி அனுப்பியதை விளக்குகிற மாதிரி சொன்னான். உலகம்மை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அப்பம், அத்தை நான் குத்துக்கல்லு மாதிரி இங்க இருக்க, பஸ்ஸு ஓட்டுகவன் வந்து சேனை வைக்கணும்.”

“அவரு கொணம் அப்படிக்கா.”

“என்ன கொணம்? ஆளு கை காட்டுக இடத்திலெல்லாம் நிண்ணு நிண்ணு போகவா எம்மருமக்கமாரு? எங்க கொணத்துக்கு என்ன கொறை கண்டே? சொல்லு.”

அது பட்டியல் போட்டு மாளாத விஷயம் என்பதால் கோலப்பன் சொல்லவில்லை. உலகம்மை தேன் குப்பியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரசவ வார்டின் கதவுக்கு நேர் எதிரே காலை ஊன்றி நின்றாள். எந்தப் பக்கம் திறந்தாலும் கதவு முதலில் அவள்மேல்தான் இடிக்கும்.

கோலப்பன் ஞானசிகாமணியைப் பெஞ்சில் உட்கார வைத்து, ஆஸ்பத்திரி டம்ளரில் கல்கண்டைக் கரைத்துக் கையில் கொடுத்தான். டம்ளர் ஆடியது. முதலில் கட்டடம்தான் ஆடுகிறது என்று நினைத்தான். பிறகு பார்த்தால் ஆடியது ஞானசிகாமணி.

“என்ன அண்ணாச்சி, ஒடம்புக்குச் சொகமில்லையா?”

“அதில்ல” என்றார் ஞானசிகாமணி மெதுவாக. “ஒரு காரியம் சொல்லணும். பொய்யில பிள்ளைக்கு வெள்ளம் தொட்டு வைக்கப்பிடாதுல்லா? அந்த ஆனை வந்த அண்ணு, எனக்குக் காலு ரெண்டும் செத்துப்போச்சு. பிரேக்கில இருந்த காலை எடுக்க ஒக்கல்ல. தொண்டை அடச்சுப்போச்சு. கை மட்டுந்தான் அசைஞ்சுது. கை போன இடத்தில சோறு இருந்துது. தின்னேன். தைரியத்தில தின்னதல்ல அண்ணாச்சி. வேற ஒண்ணும் செய்ய ஒக்காமத் தின்னது.”

வேறு ஒருவனாக இருந்தால் அந்த இடத்தில் நெஞ்சு உடைந்திருக்கும். கோலப்பனுக்குச் சேனை வைத்தவர் ஜோசியர் என்பதை மறக்கக் கூடாது. அவன் ஒரு நிமிஷம் வராந்தாவின் ஓட்டுக் கூரையைப் பார்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அவனை நம்பி ஒருத்தி இருக்கிறாள். இந்தப் பக்கம் ஒரு ஆமீன் நிற்கிறார். நடுவில் அவன் கொண்டுவந்தது, யானையைக் கண்டு காலோடாத ஒரு டிரைவர்.

“காலு செத்துப்போச்சு. தொண்டை அடச்சுப்போச்சு. அப்படி இருந்தும் மீன்கறி இறங்கிச்சுல்லா?” என்றான்.

“இறங்கிச்சு.”

“முழுசும்?”

“முழுசும்.”

“பொறவு என்ன? ஆனையைக் கண்டு பயப்படாதவன் முட்டாள். பயந்தும் சாப்பாட்டை முடிச்சவன் ஊரில நீங்க ஒராளுதான். அந்தக் கொணம் இருந்தா எம்பிள்ளை எங்க போயும் பிழைச்சுக்கிடும். டம்ளரை நேராப் பிடியுங்கோ.”

ஞானசிகாமணி டம்ளரை நேராகப் பிடித்தார். தன் குணத்தைப் பற்றி அவருக்கே முதல் தடவையாக ஒரு மதிப்பு வந்த மாதிரி முதுகு நிமிர்ந்தது.

அப்போதுதான் கதவு திறந்தது. நியாயமாக அது உலகம்மைமேல் இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. கதவைத் திறந்தவர் அதற்கு முன்பே, “மாறி நில்லு” என்று உள்ளிருந்து சொல்லியிருந்தார். உலகம்மை மாறி நின்றிருந்தாள். எப்படி நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது.

வெளியே வந்தவர் ஏலியாம்மா சிஸ்டர். அந்த வார்டின் தலைமை நர்ஸ். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி. கையில் வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு சிவந்த முகம்.

“பகவதியம்மாள். ஆரு வந்நிரிக்குந்நது?”

“நான்தான் தகப்பன்” என்றான் கோலப்பன்.

“பெண்குட்டி. ரெண்டு பேருக்கும் சுகம்.”

கோலப்பன் ஞானசிகாமணியின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினான். டம்ளர் முன்னால் வந்தது. அதே சமயத்தில் மறுபக்கத்திலிருந்து தேனில் தோய்த்த வெள்ளிச் சங்கும் வந்தது. குழந்தையின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இரண்டும் மோதிக்கொள்ளப் போகிற நேரத்தில் சிஸ்டர் குழந்தையைத் தோளுக்கு உயர்த்திக்கொண்டார்.

“எந்தா இது? கல்யாணமா?”

“சேனை” என்றாள் உலகம்மை. “நான் அத்தை. நான்தான் மொதல்ல வைக்கணும்.”

“மொதலும் இல்ல, ரெண்டாமதும் இல்ல. குட்டிக்கு ரெண்டு ஸ்பூன் குளூக்கோஸ் வெள்ளம் கொடுத்தாச்சு. குடிச்சு. இனி உறங்கணும்.”

உலகம்மை சங்கைக் கீழே இறக்கினாள்.

“ஆரு குடுத்தது?” என்று உலகம்மை கேட்டாள்.

“ஞான் தன்னே. வேற ஆரு கொடுக்கும்?”

குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர் கொடுப்பது ஆஸ்பத்திரி வழக்கம் என்றும், தான் வந்த காலத்திலிருந்து நடக்கிறது என்றும் சிஸ்டர் சொன்னார். கோலப்பன் மனசுக்குள் ஒரு பெரிய பேரேடு தானாகத் திறந்து தானாகப் புரண்டது. அப்படியானால் இத்தனை வருஷமாக இந்த ஊரில் பிறந்த பிள்ளைகளில் எவ்வளவு பேருக்கு இந்த அம்மாள் சேனை வைத்திருப்பார்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியாரைக் கேள்வி கேட்பதும், பஸ்ஸில் ஏறிய பையன் கண்டக்டருக்குச் சட்டம் சொல்வதும், பால்காரன் மகள் முன்சீப்பை வரிசையில் நிற்கச் சொன்னதும் அவனுக்கு ஒரே நொடியில் விளங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு அவன் சாலையில் நடக்கும்போது இளவட்டம் யாரையும் அதட்டியதில்லை.

உலகம்மைக்கு விளங்கவில்லை. அவள் இடுப்பில் கைவைத்துத் தொண்டையைச் செருமினாள். பூதப்பாண்டியில் அந்தச் செருமலைக் கேட்டால் கடைக்காரர்கள் பலகை போட்டுக் கடையை அடைப்பார்கள்.

“கேளும்மா, நீ எந்த ஊருக்காரியோ, எந்த சாதியோ, ஒனக்கு என்ன அதிகாரம் எங்க குடும்பத்துப் பிள்ளைக்கு...”

“சத்தம் வேண்டா” என்றார் ஏலியாம்மா சிஸ்டர். குரலை உயர்த்தவில்லை, தணித்தார். “உள்ளே பன்னிரண்டு அம்மைமார் கிடக்குந்நு. அவிடே இரிக்கு.”

விரலால் பெஞ்சைக் காட்டினார்.

உலகம்மை உட்கார்ந்தாள். தேன் குப்பியின் மூடியைத் தேடி எடுத்துப் போட்டு இறுக்கினாள். கோலப்பன் வாழ்நாளில் அக்காளை ஒருவர் உட்கார வைத்துப் பார்த்ததில்லை. அவளைக் கட்டிக்கொண்டவர் முயற்சி செய்ததாகவும், அதற்குப் பிறகுதான் பழனிக்குப் போனவர் திரும்பவில்லை என்றும் குடும்பத்தில் பேச்சு உண்டு.

ஞானசிகாமணி டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். “அப்பம் நான் வேண்டாம், இல்லியா?” என்றார். அவர் முகத்தில் வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

கோலப்பனுக்கு இனி இருந்த ஒரே வேலை, உள்ளே போய் மனைவியிடம் சொல்வது. ஏற்றுக்கொண்டதில் பாதி நிறைவேறியிருந்தது. அக்காள் கை படவில்லை. மறுபாதிக்கு என்ன சொல்வது? நடந்துபோகிற தூரத்துக்குள் மூன்று காரணங்களைத் தயார் செய்துகொண்டான்.

பகவதியம்மாள் கட்டிலில் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். குழந்தையைச் சிஸ்டர் அவளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்.

“ஆளைக் கொண்டாந்தேன்” என்று தொடங்கினான் கோலப்பன். “நல்ல ஆளு. வெளியதான் நிக்காரு. ஆனா, அதுக்குள்ள இங்க ஒரு...”

“சிஸ்டர் குடுத்தாச்சு” என்றாள் அவள்.

“அது ஆஸ்பத்திரி வழக்கமாம். நாம ஒண்ணும் செய்ய...”

“வழக்கம்தான். அதை இன்னைக்கு ஆயாதான் கொண்டாந்தா. நான்தான் ஆயா வேண்டாம், நீங்களே குடுங்கோ சிஸ்டர்னு சொன்னேன்.”

கோலப்பன் தயாரித்த மூன்று காரணங்களும் கையிலேயே நின்றன.

“நீயா சொன்னே?”

“பின்ன? நீங்க ஆளு கொண்டாறது வரைக்கும் வலி நிக்குமா?” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அடுத்த கட்டில்காரி என்னைய விடப் பெரிசாக் கத்தினா. சிஸ்டர் அவளை ஒரு அதட்டுப் போட்டாங்க. டாக்டரம்மா செருப்போட வந்தாங்க, அவங்களையும் அதட்டினாங்க. அவ்வளவு நேரமும் எங் கையை விடல. நான் நகத்தால பிறாண்டிப் போட்டேன், ரத்தம் வந்துது, அப்பவும் விடல. வாய் ஒரு பக்கம் அதட்டுது, கை இந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டே இருக்கு. எம்பிள்ளைக்கு இது போரும்னு தோணிச்சு.”

கோலப்பன் குழந்தையைப் பார்த்தான். பிறகு மனைவியின் கையைப் பார்த்தான். ஊர் பூராவும் தேடியவன் அவன். படுத்த இடத்திலேயே கண்டுபிடித்தவள் அவள். நியாயப்படி அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

“நானும் அதைத்தான் நினைச்சேன்” என்றான்.

“அந்த டிரைவரை வெறுவயித்தோட அனுப்பிராதேங்கோ. ஏதாவது வாங்கிக் குடுங்கோ. சாப்பிட்டாத்தான் அவருக்குக் காலு வரும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“வராந்தாவில பேசினா இங்க கேக்காதா?”

அதற்குள் உலகம்மை மெல்ல உள்ளே வந்திருந்தாள். சிஸ்டர் வார்டின் மறுகோடிக்குப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். கட்டிலைச் சுற்றி வந்து, குழந்தையைக் குனிந்து பார்த்தாள். மூக்கு யாரைக் கொண்டது, நிறம் யாரைக் கொண்டது, வைத்த குளூக்கோஸ் எவ்வளவு பெரிய அநியாயம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வதற்காக இடுப்பில் கைவைத்துத் தொண்டையைச் செருமினாள்.

குழந்தை கண்ணைத் திறந்தது. பிறந்த பிள்ளைக்குப் பார்வை தெரியாது என்கிறார்கள். இது அத்தையை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. பிறகு வாயைத் திறந்து ஒரே ஒரு சத்தம் போட்டது. அழுகையின் நீளம் அதற்கு இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த சத்தம்.

உலகம்மை சட்டென்று திரும்பிச் சிஸ்டரைத் தேடினாள். சிஸ்டர் இன்னும் மறுகோடியில்தான் இருந்தார். உலகம்மை மறுபடி குழந்தையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த கை கீழே வந்தது.

“செரி, செரி” என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.